இரண்டு மூடி உரம்

அந்தச் சலூனில் இரண்டு நாற்காலிகள். இடது நாற்காலி அண்ணனுடையது, வலது நாற்காலி தம்பியுடையது. கூடப் பிறந்தவர்கள். வாடிக்கையாளர்களுக்கும் அவர்கள் அண்ணன், தம்பிதான். பெயர் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். காத்திருப்பவர்களின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மீன் என்று பார்த்தால் விரல் நீளத்தில் சில உருப்படிகள்தான். தொட்டிக்கு அழகே செடிகள். முடி வெட்டிக்கொண்டே நிமிர்ந்தால் எதிர்க் கண்ணாடியில் அந்தப் பச்சை தெரியும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கி, சேர்ந்து மணல் அலசிப் போட்டு, சேர்ந்து வளர்த்த தொட்டி அது.

அதெல்லாம் பேச்சுவார்த்தை இருந்த காலத்துக் கதை.

பேச்சு நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை என்பார் அண்ணன். தம்பி ஒருவருக்குக் காதோரம் வெட்டிக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்கி இருப்பதுபோல அண்ணன் கண்ணுக்குப் பட்டது. எழுந்து போனார், தம்பியின் கையிலிருந்து கத்திரியை வாங்கினார், "நகரு" என்றார், தானே சரிசெய்தார். அவ்வளவுதான். பெஞ்சு முழுக்க ஆட்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு ஓரமாக நின்றான். இதைப் போய் ஒன்றுமில்லை என்று சொல்ல அண்ணன் ஒருவரால்தான் முடியும்.

அன்றிலிருந்து இருவர் வாய்க்கும் பூட்டு. பவுடர் தீர்ந்தால்கூட வாடிக்கையாளர் வழியாகத்தான் தகவல் போகும்.

"பவுடர் அந்தப் பக்கம் இருக்கான்னு கேளுங்க."

"இருக்குன்னு சொல்லுங்க."

முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருக்கும் மனிதர் தூது வேலையும் பார்த்தாக வேண்டும். காசு என்னவோ அவரிடம்தான் வாங்கினார்கள்.

தொட்டிச் செடிகளுக்கு வாரம் ஒரு மூடி திரவ உரம் ஊற்றுவது தம்பியின் வேலையாக இருந்தது. முறுக்கிக்கொண்டு திரிகிறவன் இனி எங்கே ஊற்றப் போகிறான் என்று அண்ணன் தானாகவே முடிவு கட்டினார். காலையில் கடை திறப்பவர் அவர். வாரம் ஒரு நாள் திறந்ததும் ஒரு மூடி ஊற்றினார், தொட்டி விளக்கைத் தினமும் திறந்ததுமே போட்டார். சாயங்காலம் கடையை அடைப்பது தம்பி. அவன் அடைக்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் தொட்டிக் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் விழுந்தன. அப்புறம் இலை ஓரமெல்லாம் நீளநீளமாகப் பாசி. அதைப் பார்த்துக்கொண்டு முடிவெட்டுகிறவர் கை சும்மா இருக்குமா? அண்ணன் அந்தக் கண்ணாடியைச் சவர பிளேடால் வழித்தார். பாசி பிடித்த இலைகளைக் கத்திரியால் நறுக்கினார். மறுநாள் வந்து பார்த்தால், தான் வெட்டியதைவிட அதிகமாக வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். நேற்று கை கொஞ்சம் நீண்டுவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார். செடிகள் மொட்டையாக நின்றன. பாசி மட்டும் செழித்தது.

பெஞ்சுக்காரர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தையல்கடைக்காரர்தான் அடித்துச் சொன்னார்.

"உரம் ஜாஸ்தி ஆனா பாசிதான் வரும். மொத்தமா நிறுத்திப் பாருங்க."

அண்ணன் நிறுத்தினார். அன்று கிளம்பும்போது அதே தையல்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "தம்பி தனியாக் கடை பாக்கிறாராமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அண்ணன் தெரியும் என்று தலையை ஆட்டிவைத்தார். தெரியாது.

அவன் போகக் கூடாது என்பது அவர் ஆசை. வாய் திறந்து சொல்ல வீம்பு விடவில்லை. ஒரு கூரைக்குக் கீழ் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது அந்தத் தொட்டிதான். அதுவும் இப்போது அவர் கண்முன்னால் செத்துக்கொண்டிருந்தது. பழைய இலைகள் மஞ்சளாகி, ஊசியால் குத்தியதுபோல ஓட்டை ஓட்டையாக ஆகின. புதிதாக வந்த துளிரோ ரத்தமில்லாத பிள்ளையாட்டம் வெளுத்துப்போய், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. உரத்தை நிறுத்தியும் பாசி போகவில்லை. இதுவும் போய்விட்டால் அவனை இந்தக் கடையில் பிடித்துவைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குப் பயம் வந்தது.

மறுநாள் ஒரு பழுத்த இலையையும் ஒரு துளிரையும் ஈரத்தாளில் சுற்றிக்கொண்டு வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போனார். கடையை நடத்துகிற அம்மாள் தாளைப் பிரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நேத்து உங்க தம்பி வந்தாரு. இதே மாதிரி ரெண்டு இலை. இதே மாதிரி ஈரப் பேப்பர்."

"என்ன சொன்னான்?" என்றார் அண்ணன்.

"கடை அடைக்கிறப்ப வாரம் ஒரு மூடி ஊத்துனாராம். பாசி வந்ததும் இலைய வெட்டினாராம், உரத்தையும் நிறுத்திட்டாராம். நீங்க என்ன பண்ணீங்க?"

அண்ணன் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அசடு வழிந்தது.

"நல்லாயிருக்கு. முதல்ல ரெண்டு பேரும் ஊட்டியிருக்கீங்க. அப்புறம் ரெண்டு பேரும் பட்டினி போட்டிருக்கீங்க. நடுவுல ரெண்டு பேரும் வெட்டித் தள்ளியிருக்கீங்க. சத்து இல்லாதப்ப செடி பழைய இலையில இருக்கிறத எடுத்துப் புது இலைக்குக் குடுக்கும். அதான் இது இப்படி ஓட்டையாகுது. இரும்புச் சத்த மட்டும் அப்படி எடுத்துக் குடுக்க அதால முடியாது. அதான் துளிர் வெளுக்குது. செடி சோர்ந்தா பாசிக்குக் கொண்டாட்டம். ஒரு மூடி போதும், வாரத்துக்கு ஒருக்கா. விளக்க மத்தியானத்துக்கு மேல போடுங்க. மோசமான இலைய மட்டும் எடுங்க, மத்தத விடுங்க." ஈரத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே கடையிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு சலூனுக்குத் திரும்பினார்.

சலூனில் அப்போது வாடிக்கையாளர் யாரும் இல்லை. தம்பி சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தூது சொல்லவும் ஆள் இல்லை. அண்ணன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், எழுந்தார், தம்பியின் பக்கம் வந்து நின்றார்.

"நீ எவ்வளவு ஊத்துன?"

தம்பி கை நின்றது. "ஒரு மூடி" என்றான். "நீ?"

"நானும் ஒரு மூடி."

"அதானே பாத்தேன். இப்ப?"

"நிறுத்திட்டேன்."

"நானும்தான்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அன்னைக்கு உன் கையிலேருந்து கத்திரிய வாங்கியிருக்கக் கூடாது. தப்பு. அத்தன பேர் முன்னாடி அப்படிப் பண்ணது ரொம்பத் தப்பு."

தம்பி சீப்பை மேசையில் வைத்தான். அவன் கண் கலங்கியதை அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

"கடை பேசி முடிச்சிட்டேண்ணே" என்றான் தம்பி. "அடுத்த மாசம் போறேன். மொதல்ல கோவத்துலதான் தேட ஆரம்பிச்சேன். இப்ப கோவம் இல்ல. எனக்குன்னு ஒரு கடை வேணும்னு இருக்கு."

இரு என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"தொட்டிய எடுத்துட்டுப் போ."

"வேணாண்ணே. இருக்கிற நிலைமைக்குப் பேத்து வச்சா செடி தாங்காது. இங்கயே இருக்கட்டும். வாரா வாரம் நான் வந்து ஊத்துறேன். நீ ஊத்தாத. விளக்க மட்டும் மத்தியானம் போட்டு விடு."

"சரி" என்றார் அண்ணன்.

சொன்னபடி தம்பி போனான். சொன்னபடி வாராவாரம் வந்தான். ஒரு மூடி ஊற்றுவான், இலைகளைக் குனிந்து பார்ப்பான், அண்ணனோடு ஒரு டீ குடிப்பான். ஓட்டை விழுந்த இலைகள் ஒவ்வொன்றாகப் போய், வந்த துளிர்கள் பச்சையாகவே வந்தன. மூலையில் கொஞ்சம் பாசி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் மட்டும் அவன் வரவேண்டிய நாளில் வரவில்லை. புதுக் கடையில் கூட்டமாம். அதற்கடுத்த நாளும் வரவில்லை. தையல்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துளிர் லேசா வெளுக்குதே. புட்டி பக்கத்துலதானே இருக்கு? நீங்களே ஒரு மூடி ஊத்திடலாமே."

புட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அண்ணனுக்குக் கை அரித்தது. துளிரை ஒரு தரம் பார்த்தார், வாசலை ஒரு தரம் பார்த்தார், வெட்டிக்கொண்டிருந்த தலைக்குத் திரும்பினார்.

"இல்லைங்க" என்றார். "அவன் வந்து ஊத்தட்டும்."