அத்தை வீட்டு வாசலில் பிடித்த பிரேக்

துபாயிலிருந்து திரும்புகிறவர்கள் சென்ட் பாட்டிலும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். எங்கள் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, ஒரு பெட்டி நிறையக் காந்தங்களைக் கொண்டுவந்தார். அங்கே படகு ஏற்றும் டிரெய்லர்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எட்டு வருடம் இருந்தவர். கரண்டில் பிடிக்கும் பிரேக்குக்கான காந்தங்கள் அவை. முன்னால் போகும் ஜீப்பில் பிரேக்கை மிதித்தால், பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரத்துக்குள் கரண்ட் போய், காந்தம் ஒட்டிக்கொண்டு, அதுவும் நின்றுவிடும். குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடற்கரை ஊரில் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டு அழவில்லை. அம்மா ஒரு நல்ல கம்பளியை எதிர்பார்த்திருந்தாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்றுவரை போகவில்லை.

காந்தத்துக்கு வேலை வந்தது மாதா கோயில் திருவிழாவில்தான். முந்தின வருடம் சப்பரத்தை ஏற்றிவந்த டிரெய்லர், கடலுக்கு இறங்கும் சரிவில் ஜீப்பைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் பாடிக்கொண்டு போன பாட்டுக்குழுதான் தென்னந்தோப்புக்குள் சிதறி ஓடியது. ஆகவே இந்த முறை சித்தப்பா செய்த புது டிரெய்லர், அவருடைய பிரேக்கோடு. இழுப்பது அப்பாவின் ஜீப். அந்த ஜீப்பை வேறு ஆள் தொட அப்பா விடமாட்டார். நாங்களே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவோம்.

பவனி போகும் தெருவில் அத்தை வீடு இருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. மூன்று வருடத்துக்கு முன்னால் புதுவீடு கட்டிக் குடிபோனபோது, அப்பாவை நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா அந்த வாசலை மிதித்ததில்லை, அக்காவோடு பேசியதுமில்லை. இதில் பெரிய நஷ்டம் எனக்குத்தான். அத்தை மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளி விட்டுத் தெருமுனை வரை கதை பேசிக்கொண்டு வருவோம். அதற்கப்புறம் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். அவர்கள் மாடியில் ஒரு ஊஞ்சல் இருப்பதாகச் சொல்வாள். மூன்று வருடமாக அந்த ஊஞ்சலைக் காதால் கேட்டதோடு சரி.

காலைத் திருப்பலி முடிந்து பவனி கிளம்பியது. அப்பா ஜீப்பில். சித்தப்பாவும் நானும் டிரெய்லரை ஒட்டி நடந்தோம். சரியாக அத்தை வீட்டு வாசலில் சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. ஜீப் உறுமிப் பார்த்தது, டிரெய்லர் அசையவில்லை. எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா என் கையில் ஏதோ ஒன்றை வைத்து மூடினார். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் முளை, அதில் கட்டிய சிவப்புக் கயிறு.

"வச்சுக்கோ மக்ளே. நான் கேக்கது வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டப்பிடாது."

பிறகு அவர் வைத்தியத்தைத் தொடங்கினார். பியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். டிரெய்லருக்கு அடியில் படுத்து எர்த் வயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்தார். கடற்காற்றில் எர்த் துருப்பிடிக்கும் என்று அவர் சொல்ல, கூட்டம் தலையாட்டியது. சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் ஒரு வள்ளத்திலிருந்து திசைகாட்டியை எடுத்துவரச் சொன்னார். சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்ததும், வடக்கைக் காட்டிக்கொண்டிருந்த முள் வெடுக்கென்று திரும்பியது.

"கண்டியளா? காந்தத்துக்கு கரண்டு போயிட்டே இருக்கு. எங்கேருந்து போவுதுண்ணுதான் தெரியல்ல." சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தடவை அதைப் பார்த்தார்.

மாதா வேண்டுமென்றேதான் நிற்கிறாள் என்று பெண்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். அத்தை மெழுகுவர்த்தியோடு ஓடிவந்து கண்கலங்கி நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தார். அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுத்தால் ரோடு ஓடிவிடும் என்பது போல.

சித்தப்பா ஒரு நீள வயர் சுருளை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். "அண்ணே, வீட்டுக் கரண்டு வச்சு சோதிக்கணும். உள்ள போயி இந்த பிளக்க மாட்டிட்டு வாரும்."

"வேற ஆள விடு."

"விடலாம். அவன் மாட்டி ஜீப்புக்க வயரிங் எரிஞ்சா என்னச் சொல்லப்பிடாது."

அப்பா இறங்கினார். அத்தை வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

வயரின் மறுமுனையில் இருந்த பிளக் செருகும் பெட்டி என் காலடியில் கிடந்தது. "சித்தப்பா, இதுல ஒண்ணும் மாட்டலியே" என்றேன். "சும்மா இரி மக்ளே" என்றார். அதன் பிறகு அவர் வாட்சைப் பார்க்கவில்லை. ஒரு சர்பத் வாங்கிக் குடித்தார்.

பிளக்கை மாட்டப் போன அப்பா திரும்பி வரவில்லை. உள்ளேயிருந்து அத்தையின் குரல் தெருவுக்கே கேட்டது. "தூக்கி வளத்த அக்கா போன்ல விளிச்சா வரமாட்டியோலே?" அப்புறம் இரண்டு பேர் அழுகிற சத்தம். அப்புறம் காப்பி ஆற்றுகிற சத்தம். மாடியிலிருந்து அத்தை மகள் தலையை நீட்டி, ஊரே கேட்க, "ஏட்டி, வாறியா?" என்றாள். நான் யாரிடமும் கேட்கவில்லை. படிகளை எப்படி ஏறினேன் என்றுகூட நினைவில்லை. ஊஞ்சல் மேலே போகும்போதெல்லாம் கைப்பிடிச்சுவருக்கு அப்பால் மாதாவின் கிரீடம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை.

கீழிருந்து சித்தப்பா கேட்டதும் முளையைப் போட்டேன். டிரெய்லரின் முன்பக்கம் ஒரு நிமிடம் குனிந்தவர், நிமிர்ந்து, "எர்த்துதான் கோளாறு" என்று அறிவித்தார். அப்பா காப்பி நனைந்த மீசையோடு வந்து ஜீப்பை எடுத்தார். கடற்கரைச் சரிவில் பிரேக் பிடித்த பிடிக்கு மாதாவின் கழுத்து மாலைகூட ஆடவில்லை.

போன மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். டிரெய்லர் வாங்க வந்த ஒருவருக்கு அவர் ஒரு முளையைக் காட்டினார். அதே சிவப்புக் கயிறு. ஓட்டத்தில் டிரெய்லர் கழன்றுபோனால் இது உருவிக்கொள்ளும், உடனே டிரெய்லரில் இருக்கும் சின்ன பேட்டரி சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும், திரும்பச் செருகினால்தான் விடும் என்றார். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வந்தவர் கேட்டார்.

"அரை மணிக்கூறு. அதுக்கு மேல பேட்டரி தாங்காது" என்றவர், என்னைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே முறுக்கியிருந்த ஒரு போல்ட்டை மறுபடி முறுக்கத் தொடங்கினார்.

பழுது சீக்கிரம் சரியாகவில்லையே என்ற கவலையில்தான் அன்று அவர் வாட்சைப் பார்த்தார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்பா வாசலைத் தாண்டுவதற்குள் பிரேக் விட்டுவிடுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்தது, அந்த முளையைக் கைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை.