கடைசி டிவிடியைப் பார்க்காமல் எழுதிய விமர்சனம்

பாலே ஆடும் சிறுமியைப் பற்றிய அந்த ஜப்பானிய அனிமே தேவதைக் கதைக்கு நேற்று இங்கே விமர்சனம் எழுதினேன் அல்லவா? உண்மையில் கடைசி டிவிடியை நான் பார்க்கவே இல்லை.

இன்று மானிப்பாய் பஸ்ஸில் இருக்கும்போது, அதைப் படித்த ஒரு தாய் சண்டிலிப்பாயிலிருந்து குரல்பதிவு அனுப்பினார்.

"தம்பி, என்ரை மகள் பரதம் ஆடுறவள். விபத்திலை ஒரு கால் போயிட்டுது. உந்த டிவிடி வாங்கி வைச்சிருக்கிறன். முடிவிலை அந்தப் பிள்ளை ஆடுவாளோ?"

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கதையின் முடிவில் அந்தச் சிறுமி ஆடவில்லை.

மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, "இல்லை அக்கா, ஆடமாட்டாள்" என்று அனுப்பினேன்.

பிறகு பதில் வந்தது.

"ஓம் தம்பி. என்ரை மகள் முந்தியே களவாப் பாத்திட்டாளாம். நான் அழுவன் எண்டுதான் சொல்லேல்லையாம்."

விமர்சனத்தைத் திருத்திவிட்டேன். முழுக்கப் பார்க்காமல் எழுதியவர்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். தனியாக நிற்க வெட்கமாக இருக்கிறது.