முதலாம் இலக்கத்தில் பனிக்கட்டி

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஐஸ் உடைத்து விற்கும் ஷரிபுதீனுக்குச் சந்தேகம் என்பது கூடப் பிறந்த குணம். மணி என்னவென்று ஒருவரிடம் கேட்டால், அடுத்த சந்தியில் இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபார்ப்பார். பிடித்தவன் சொந்த மச்சானாக இருந்தாலும் மீனைச் செவிள் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். தினமும் காலையில் கல்முனையில் கட்டி ஐஸ் எடுத்து, மரத்தூள் தூவிச் சாக்கால் சுற்றி, சைக்கிளின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார். கரையில் இறக்கிச் சாக்கைப் பிரித்ததும் முகத்தைச் சுளிப்பார். வழியில் தேநீர் குடிக்க நின்ற நேரத்தில் யாரோ ஒரு துண்டு உடைத்து எடுத்துவிட்டார்களாம். வெயிலில் ஐஸ் கரையும் என்பதை, இருபது வருடம் அந்தத் தொழிலைச் செய்த பிறகும், அவர் முழுதாக ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி மாதத்தில் அந்தக் குணம் அவரை மட்டும் பிடித்த நோயாக இருக்கவில்லை. வடக்கே சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது, வீதியில் பட்டாசு வெடித்தது, சென்றிக் காவலரணில் பைகளைக் கிண்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. யார் எதை யாரிடம் சொல்கிறான் என்று ஊரே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஆனால் ஷரிபுதீன் ஓரக்கண்ணால் பார்த்தது ஊரையல்ல, மனைவி சபூறாவை.

அதற்குக் காரணம் ஒரு வீடு. அந்தக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுடையது. உம்மா வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். ஷரிபுதீனும் அப்படித்தான் சபூறாவின் வீட்டுக்கு வந்து, ஓட்டை மாற்றி, கிணற்றைக் கட்டி, நிஹ்லா என்று ஒரே ஒரு மகளையும் பெற்றார். அந்த வீட்டைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. அப்போது எட்டு வயதாயிருந்த நிஹ்லாவையும் கொண்டு போனது. அன்று காலை சபூறா பெரிய வீதிக்கு மேற்கே, அக்காவான ராத்தாவின் வீட்டில் பலகாரத்துக்கு மாவு அரித்துக்கொண்டிருந்தார். ஷரிபுதீன் கல்முனையில் ஐஸுக்காக வரிசையில் நின்றார். பிள்ளை கடற்கரைக்கு விளையாடப் போயிருக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவளை அடக்கிய குழியில் இன்னும் முப்பது பேர் கிடக்கிறார்கள்.

பிறகு தகரக் கொட்டில். பிறகு புது வீடு தருவதாக ஒரு படிவம். படிவம் நிரப்புகிற கச்சிமுகம்மது, "வீட்டுக்காரர் எண்டு ஆர்ர பேரைப் போட, காக்கா?" என்று கேட்டபோது, ஷரிபுதீன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "என்ட பேரைப் போடு" என்றார். கச்சிமுகம்மது பேனையைத் தூக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் ஓர் ஆண் அப்படிச் சொல்வதை அவர் கேட்டதில்லை. ஷரிபுதீனுக்குப் பேராசை ஒன்றும் கிடையாது, பயம்தான். பிள்ளையும் இல்லை, வீடும் இல்லை. இனி சபூறா தன்னை எதற்காக வைத்திருக்கப் போகிறாள் என்று அவருக்குள் ஒரு பயம் புகுந்திருந்தது. வீடு தன் பெயரில் இருந்தால் போகச் சொல்ல முடியாது அல்லவா? சபூறாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீடு கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அதைக் கொட்டிலில் இருந்த ஒரேயொரு சூட்கேசில், கல்யாணச் சட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தார். நம்பிக்கை இல்லாதவர் ஆகையால் கிழமைக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார். ஒரு புதன்கிழமை, சபூறா தண்ணீருக்குப் போயிருந்த சமயம் எடுத்துப் பார்த்தால், நான்காக மடித்து வைத்த கடிதம் இரண்டாக மடிந்து கிடந்தது. அதன் கீழே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. ஷரிபுதீன் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அதைத் திறந்தார்.

கொப்பியில் இங்கிலீசு எழுத்து. சின்னப் பிள்ளை எழுதியது போல் கோணல் மாணலாக இருந்தாலும் சபூறாவின் கைதான். இங்கிலீசு அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழில் கருத்து எழுதியிருந்தது. அதை வாசித்தார். நிலம், கை. உரிமை, சண்டை. மனைவி, கத்தி. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். பக்கத்தைப் புரட்டினால், வீடு, எலி. எலி என்றது யாரை என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

முதல் பக்கத்துக்குப் போனார். முதலாம் இலக்கத்தில் ஒரே ஒரு சொல். பனிக்கட்டி. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை, வெறும் கோடு. மற்ற எல்லாமே இரண்டிரண்டாக இருக்க, தன் தொழில் மட்டும் தனியே முதலாம் எதிரி போல் நின்றது. இது பெட்டிசம், தன் மேல் எழுதும் புகார் மனு. வீடு கட்டித் தருகிற வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனத்துக்கு இங்கிலீசில் பெட்டிசம் எழுதப் பழகுகிறாள். நிலத்தில் கை வைத்தவன், உரிமைக்குச் சண்டை, வீட்டுக்குள் எலி. எல்லாம் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. சந்தேகக்காரனுக்கு எதுவுமே பொருந்தாமல் போனதுண்டா?

கொப்பியை இருந்தபடி வைத்தார். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம் என்றால் யாரிடம்? கச்சிமுகம்மதுவிடம் காட்டினால் அவனே சபூறாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிப் பெட்டிசத்தை அனுப்பிவிடுவான். அன்று சோற்றைப் பிசைந்தபடி சபூறாவின் முகத்தையே பார்த்தார். கறியை ஒரு தரம் மோந்தும் பார்த்தார்.

"என்ன, உப்புக் கூடிட்டா?" என்றார் சபூறா.

"இல்ல புள்ள. உப்பு அளவா இரிக்கி."

மறுநாள் வியாழக்கிழமை. ஐஸ் முடித்து வந்து பார்த்தால் சபூறா அபாயா போட்டுக்கொண்டு நின்றார். கையில் பை.

"எங்க போற?"

"கிளினிக்குக்கு. பிரசர் பாக்க."

"போன வியாழனும் போனாய் தானே?"

"பிரசர் போன வியாழனோட போயிடுமா?" என்று கேட்டுவிட்டு சபூறா பஸ்ஸுக்கு நடந்தார்.

ஷரிபுதீன் சைக்கிளை எடுத்தார். பஸ் முன்னால், அவர் பின்னால். சென்றியில் மறித்தார்கள். பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஈரச் சாக்கைத் தவிர ஒன்றுமில்லை. எங்கே போகிறாய் என்று உடைந்த தமிழில் சிப்பாய் கேட்டான். மனைவியை உளவு பார்க்கப் போகிறேன் என்று சொல்லவா முடியும்? "ஐஸ்" என்றார். ஐஸ் இல்லாத பெட்டியையும் வியர்த்துக் கொட்டும் ஆளையும் சிப்பாய் மாறி மாறிப் பார்த்தான். ஊரையெல்லாம் சந்தேகித்துத் திரிந்தவருக்கு, சந்தேகிக்கப்படுவது இப்படித்தான் இருக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. அதில் பாடம் ஒன்றும் படிக்கவில்லை. விட்டதும், நிறுத்தி நிறுத்திப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பிடிக்க வேகமாக மிதித்தார்.

பஸ் ஆஸ்பத்திரியடியில் நின்றது. சபூறா இறங்கவில்லை. கல்முனை தாண்டிப் பாண்டிருப்பில்தான் இறங்கி, ஒரு ஒழுங்கைக்குள் நடந்து, கிடுகு வேலி போட்ட வீட்டுக்குள் போனார். படலையில் பலகை தொங்கியது. அதிலிருந்த தமிழை வாசித்தார்: ஆங்கில வகுப்பு, தர்சிகா. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டிசம் எழுதித் தருகிறவள் இவள்தான். வேலியோரத்து முருங்கையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"லேண்ட்," என்றது ஒரு பெண் குரல்.

"ஹேண்ட்," என்றார் சபூறா.

"ரைட்."

"ஃபைட்."

"வைஃப்."

"நைஃப்."

ஷரிபுதீனின் கை சைக்கிள் பிடியிலேயே நின்றுவிட்டது. கொப்பியில் கருத்தை வாசித்தவருக்கு, இந்தச் சொற்கள் ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு போவது இப்போதுதான் கேட்டது. கேட்ட சத்தம்தான். கெட், ரெட், பெட் என்று பழைய வீட்டு முற்றத்தில் ஒரு பிள்ளை ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிச் சொன்ன சத்தம். ஐஸ்பெட்டியைக் கழுவிக்கொண்டே, "போதும் மகள், காது வலிக்கி" என்று அவர் எத்தனை நாள் கத்தியிருப்பார்.

வேலியோரம் நிற்க அவருக்குக் கூச்சமாகிவிட்டது. படலையைத் திறந்துகொண்டு போனார். சபூறா திடுக்கிட்டு எழும்பினார். ரீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். கையில் சிவப்புப் பேனை. "நிஹ்லாட வாப்பாவா?" என்று கேட்டார். அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் சொல்லி நாலரை வருடமாயிருந்தது. ஷரிபுதீன் தலையை மட்டும் ஆட்டினார்.

"இருங்க. அவ உங்கட ஊர் ஸ்கூல்ல என்னட்டத்தான் இங்கிலீசு படிச்சவ. கடைசி லீவுக்கு ஒரே ஓசையில முடியிற சொல்லு நூறு சோடி எழுதிக்கொண்டு வரச் சொன்னனான், கருத்தோட. போன மாசம் கல்முனைக் கடையில இவவைக் கண்டன். என்ட புள்ளிப் புத்தகத்தில அவட இடம் இன்னும் வெறுமையாக் கிடக்கு எண்டு சொன்னன். 'அத நான் எழுதித் தாறன்' எண்டு இவ வியாழனுக்கு வியாழன் வாறா."

ஷரிபுதீன் கொப்பியைப் பார்த்தார். "முதலாவது மட்டும் ஏன் எழுதல்ல?"

ரீச்சர் சபூறாவைப் பார்த்தார். சபூறா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அது எனக்குரியதில்ல. அண்டைக்குக் கொப்பியத் தூக்கிட்டு ராத்தாட ஊட்டுக்கு ஓடி வந்தா. 'உம்மா, ஐஸுக்குச் சோடி செல்லுங்க, அதத்தான் முதலாவதா எழுதப் போறன்' எண்டா. எனக்குக் கையெல்லாம் மா. 'ஐஸ் உங்கட வாப்பாட சாமான், கடக்கரையில போய் அவருட்டக் கேளு' எண்டு அனுப்பினன். அவ விளையாடப் போகல்ல. நான்தான் அனுப்பினன். நீங்க வந்திரிப்பீங்க எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷரிபுதீனைத் தேடி வந்த பிள்ளை கரையில் நின்று பார்த்திருக்கிறாள். அந்த நேரம் அவர் கல்முனையில் வரிசையில் நின்று, கட்டி சரியான பருமன்தானா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சபூறாவைக் கோபிக்க அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கல்முனைச் சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் தினமும் பார்க்கிற ஒரு சொல்தான் வந்தது.

"ரைஸ்," என்றார். "பிரைட் ரைஸ் எண்டு போட்டிரிக்கே, அந்த ரைஸ். ஐஸ், ரைஸ். சரியா ரீச்சர்?"

"சரி," என்றார் ரீச்சர். சபூறா குனிந்து எழுதினார். கருத்துப் பகுதியில் பனிக்கட்டி, சோறு என்று வந்தது. ரீச்சர் நூறுக்கும் சிவப்பில் சரி போட்டு, புள்ளிப் புத்தகத்தை எடுத்து, நிஹ்லாவின் பெயருக்கு நேரே நூறு என்று எழுதினார்.

திரும்பி வரும்போது சபூறா சைக்கிளின் பின்பெட்டி மீது உட்கார்ந்து வந்தார். சென்றியில் அதே சிப்பாய் இம்முறை மறிக்கவில்லை. அதைத் தாண்டியதும் ஷரிபுதீன், முகம் பார்க்காமல் பேச வசதியான இடம் சைக்கிள்தான் என்பதால், சொன்னார்: "ஊட்டுக் கடிதாசியப் பாத்திட்டாய் தானே?"

"கடிதாசி வாறத்துக்கு முந்தியே தெரியும். பேர்ப்பட்டியல் ஸ்கூல் மதில்ல ஒட்டிக் கிடந்திச்சி. தமிழ் எனக்கு வாசிக்கத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல? நீ போகச் சொல்லிடுவாய் எண்டு பயந்துதான் அப்படிச் செஞ்சன்."

"போகச் சொல்றதா? உங்களப் போகச் சொல்லிட்டு நான் ஆரோட இரிக்கிற?" சபூறாவின் குரல் முதுகுக்குப் பின்னால் மெல்லக் கேட்டது. "எங்கட உம்மா எனக்கு எழுதினா. நான் நிஹ்லாவுக்கு எழுதணும். எழுதிக் குடுக்க மகள் இல்லாத ஊட்டுக்கு என்ட பேர் என்னத்துக்கு?"

ஷரிபுதீன் கொஞ்ச தூரம் மிதித்தார். பிரதேச செயலகத்துக்குத் திரும்பும் சந்தி வந்ததும் சைக்கிளைத் திருப்பினார்.

"இஞ்சால எங்க போறீங்க?"

"பேர மாத்த."

"வேணாம் எண்டுதானே செல்றன்."

"நீ அப்படித்தான் செல்லுவாய்," என்றார் ஷரிபுதீன். கண் கலங்கி வீதி தெரியவில்லை. "நிஹ்லாட உம்மாட ஊட்டில என்ட பேர் கிடக்கேலாது."

சபூறா ஒரு கையால் கொப்பியை மடியில் அணைத்துக்கொண்டு, மறு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.