சுமியே-சான் கவிழ்த்து வைத்த கடல்

உலகத்தில் இதுவரை நடந்த அழிவுகளையெல்லாம் கூட்டிப் பாருங்கள். பூகம்பம், கடல்கோள், எரிமலை, அரசர்கள் போட்ட சண்டை என்று எதையும் விடவேண்டாம். மொரிகுச்சியின் சுமியே-சானுக்கு முன்னால் அத்தனையும் பொடிப்பயல் வேலை. ஒரே பிற்பகலில் மூன்று ராஜ்யங்களையும் இரண்டு நிலாக்களையும் அடியோடு துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, இரவுச் சமையலுக்கு முள்ளங்கி வாங்கிப் போனவர் அவர். வரலாற்றுப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லையென்றால் தப்பு புத்தகத்தின் மேல்.

இப்போது அவர் ஒசாகாவை ஒட்டிய அந்த ஊரின் கடைத்தெருவில் உருளைக்கிழங்கு கொரொக்கே பொரித்து விற்கிறார். கடையில் கிழங்கு உரிப்பவள் மினோரி. பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் பாதியிலேயே மனஸ்தாபம். வாடிக்கையாளரின் கொரொக்கேக்குள் கடுகு விழுதை ஒளித்து வைத்து இரண்டு முறை வேலை போய், இரண்டு முறையும் மறுநாளே திரும்பி வந்தவள். இதை எழுதுவதும் அவள்தான். தன்னை 'நான்' என்று எழுத அவளுக்குக் கூச்சம்.

வீட்டுக்கு வீடு டிவியோடு வீடியோ கேம் கேசட் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், குடைக்கம்பிப் பட்டறையின் மாடியில் ஒரு சின்ன விளையாட்டு கம்பெனி இருந்தது. அங்கே பிற்பகல் வேலைக்குப் போனார் சுமியே-சான். விளையாட்டு செய்பவர்கள் எழுதி முடித்ததை ஒரு ஜோடி மெமரிச் சில்லில் ஏற்றுவார்கள். ஒன்றில் ஆட்டத்தின் ஓட்டம், மற்றதில் படம். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் நகத்தளவு கண்ணாடி ஜன்னல், அதன் மேல் வெளிச்சம் புகாமல் ஒரு ஸ்டிக்கர். கேசட்டில் பொருத்தி மேலிடத்துக்குப் போட்டுக் காட்டுவார்கள். மேலிடம் உதட்டைப் பிதுக்கினால் சில்லு சுமியே-சானின் மேசைக்கு வரும். அவர் ஸ்டிக்கரை உரித்து, ஜன்னல் மேலே பார்க்கத் தட்டில் அடுக்கி, ஊதா விளக்குப் பெட்டிக்குள் தள்ளுவார். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாகப் புகுந்தால், டீ ஆறுவதற்குள் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. மறுநாள் அதே சில்லில் வேறொரு விளையாட்டு குடியேறும். வெளிவராத விளையாட்டை எடுத்து வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் பெட்டிக்குள் தள்ளும் முன், யாரும் சொல்லாமலே ஒன்று செய்வார் சுமியே-சான். அதைக் கேசட்டில் போட்டு ஒரு தரம் விளையாடுவார். வழியனுப்பாமல் அனுப்ப மனசு வராது. சிக்கல் என்னவென்றால் அவருக்கு விளையாட வராது. முதல் குழி, முதல் வௌவால், முதல் முள்ளிலேயே செத்துவிடுவார். செத்ததும் திரைக்கு ஒரு கும்பிடு, அப்புறம் ஊதா விளக்கு.

யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. உலகத்தில் வேறு யாருமே பார்க்காத எத்தனையோ விளையாட்டுகளின் முதல் நிமிடம் மட்டும் ஒரு கொரொக்கேக்காரியின் தலைக்குள் இருக்கிறது. பழைய கேசட் பைத்தியங்கள் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த நிப்போன்பாஷியிலிருந்து ரயிலேறி வந்து கடை வாசலில் நிற்பார்கள்.

"அத்தை, அந்த நரி ராஜா ஆட்டத்துல கடைசியில யாரு வருவாங்க?"

"எனக்கென்னப்பா தெரியும்? முதல் குழியிலேயே விழுந்துட்டேன்."

"சரி, ரயில் கொள்ளைக்காரன்?"

"அதுல ஏணியிலேருந்து விழுந்தேன். ஏணி பச்சைக் கலரு. கொரொக்கே எத்தனை கட்டட்டும்?"

அந்தப் பச்சை ஏணியையே பெரிய வரமாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

இவாகுரா என்ற இளைஞர் செய்த ஆட்டம் மட்டும் வேறு மாதிரி. கடலுக்கடியில் ஒரு தபால்காரன் கடிதப் பையோடு நடப்பான், அவ்வளவுதான். குழியில் விழுந்தால் மெதுவாக மிதந்து எழுவான். சுறா வந்தால் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வான், சுறா போய்விடும். யாரும் சாகாத விளையாட்டை எந்தப் பிள்ளை வாங்கும் என்று மேலிடம் நிறுத்திவிட்டது.

சில்லு மேசைக்கு வந்தது. சுமியே-சான் வழக்கம்போல் விளையாட உட்கார்ந்தார். சாகவில்லை. நடந்தார், இன்னும் நடந்தார். உடைந்த கப்பல் ஒன்று தெரிந்தபோது பின்னால் பிரிவுத் தலைவர் ஹிராசேயின் குரல்.

"சுமியே-சான், அந்தக் கடல் பயலைப் போட்டாச்சா?"

செத்தால்தானே கும்பிடு போட்டு அனுப்ப முடியும்? இவனை எப்படி அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டிக்கரை உரித்தார். இரண்டு சில்லையும் தட்டில் கவிழ்த்து வைத்து, ஊதா விளக்கைப் போட்டார்.

"தட்டுல கெடக்கான், பாருங்க."

ஹிராசே எட்டிப் பார்த்தார். சில்லு இருந்தது, விளக்கு எரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? அப்போது வாசலில் இவாகுரா வந்து நின்றார்.

"அழிச்சாச்சா?"

ஹிராசே பக்கத்திலேயே நின்றார். "ஆச்சு," என்றார் சுமியே-சான்.

"சிரமம் கொடுத்துட்டேன்," என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார் இவாகுரா. சீக்கிரமே வேலையை விட்டு ஊரையும் விட்டார். உண்மையைச் சொல்லலாமென்றால் ஆள் இல்லை.

பழுதான சில்லு இரண்டு என்று கணக்குக் காட்டிவிட்டு, கடலை வீட்டுக்குக் கொண்டுபோனார் சுமியே-சான். புது ஸ்டிக்கர் ஒட்டி, வறுத்த டீ வைத்திருந்த தகர டப்பாவில் பஞ்சு பரப்பி, கவிழ்த்தே வைத்தார். கவிழ்ந்ததால்தானே பிழைத்தது. அதற்கப்புறம் டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்த மாதிரிச் சில்லுக்கு வயதாக ஆக ஞாபகம் போகும் என்று பைத்தியங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருந்தார். திறந்து பார்த்து வெறுமையாக இருந்தால்? டப்பா மூடியிருக்கும் வரை தபால்காரன் உள்ளே நடந்துகொண்டிருக்கிறான்.

இதையெல்லாம் கிழங்கு உரிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்த மினோரி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். "இவாகுரா-சானைக் கண்டுபிடிச்சுட்டேன். தூரத்துல பெப்புங்கற ஊர்ல பஸ் ஓட்டறார். புதன்கிழமை வர்றார்."

சுமியே-சானின் கையிலிருந்த கரண்டி எண்ணெயில் விழுந்தது. "அடிப்பாவி! ஒண்ணுமில்லாம இருந்தா அந்த மனுஷனுக்கு ரெண்டாவது தடவை கருமாதி பண்ண மாதிரி ஆயிடுமே!"

"இருந்தா?"

சுமியே-சான் இடுக்கியை எடுத்து எண்ணெயில் கரண்டியைத் தேட ஆரம்பித்தார்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. இவாகுரா தலைமுடியையெல்லாம் எங்கோ தொலைத்துவிட்டு, ஒரு பெட்டி புட்டிங்கோடு வந்தார். பின்னறையில் பழைய டிவி, கேசட் பெட்டி, பைத்தியங்களிடம் மினோரி இரவல் வாங்கிய, சில்லைச் செருகிப் பார்க்கும் சோதனைக் கேசட். சுமியே-சான் டப்பாவைத் திறந்தார். ஒரு கணம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சில்லுகளைப் பொருத்தி, விசையைத் தட்டினார்.

திரை நீலமாயிற்று. ஒரு குமிழி மேலே போனது. தொப்பி தெரிந்தது, பை தெரிந்தது, தபால்காரன் நடந்தான்.

"ஐயையோ, வேலை செய்யுது!" என்று மினோரி குதித்தாள். "சுறா! தொப்பியைக் கழட்டறான் பாருங்க!"

இவாகுரா வாயைப் பொத்திக்கொண்டார். சுமியே-சான் விளையாட்டுக் கட்டையை நீட்டியதும், வேண்டாமென்று தலையை ஆட்டினார். "நீங்க நடங்க. எதுவரைக்கும் போயிருந்தீங்க?"

"உடைஞ்ச கப்பல் வரைக்கும். அப்புறம் ஹிராசே கூப்பிட்டுட்டார்."

கப்பல் வந்தது. சுமியே-சான் அதைக் கடந்து நடந்தார்.

"திமிங்கிலம்!" என்று கத்தினாள் மினோரி. ஒரு மூச்சு கழித்துத்தான் திரையின் ஓரத்தில் அதன் மூக்கு எட்டிப் பார்த்தது. தூங்குகிற திமிங்கிலம். தபால்காரன் அதன் முதுகின் மேல் ஏறி இறங்க ஒரு யுகம் பிடித்தது. அதற்கப்பால் பவழமில்லை, பாசியில்லை, தரைகூட இல்லை. வெறும் நீலம். அதில் தபால்காரன் நடந்துகொண்டே இருந்தான்.

"இங்க நிறுத்தச் சொல்லிட்டாங்க," என்றார் இவாகுரா மெல்ல.

கடல் அங்கே முடிந்துவிடவில்லை, வரைவதுதான் முடிந்திருந்தது. இவ்வளவு பெரிய நீலம் நகத்தளவு ஜன்னலுக்குப் பின்னால், ஒரு டீ டப்பாவில், இத்தனை காலம் அலையடிக்காமல் கிடந்திருக்கிறது. மினோரிகூடக் கத்துவதை நிறுத்தியிருந்தாள்.

இவாகுரா முகம் கழுவ எழுந்து போனதும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சுமியே-சான் கேட்டார்.

"எப்போடி எடுத்தே?"

"எதை?"

"கவிழ்த்து வச்சது மல்லாந்து கெடந்துச்சு."

"தானா புரண்டிருக்கும் அத்தை."

"பஞ்சுல அழுத்தி வச்சது புரளுமா? அது உயிரோட இருக்குன்னு பாத்துட்டுத்தான் அவருக்கு ஃபோன் பண்ணியிருக்கே. ஆனா திமிங்கிலத்தோட நின்னுட்டே."

"அது எப்படி உங்களுக்கு..."

"அதுவரைக்கும் எல்லாத்துக்கும் தொண்டை கிழியக் கத்தினே. நீலம் வந்ததும் மூச்சு பேச்சில்ல. அதுக்கு மேல ஏன் போகல? நான் முதல்ல பாக்கட்டும்னா?"

எண்ணெய்ச் சட்டி தீய்கிறது என்று சொல்லிவிட்டு மினோரி முன்பக்கம் ஓடினாள். அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.