வஹகோட்டை மெழுகும் ஹனீபாவின் நெருப்புருண்டைகளும்

மாத்தளை,
1974 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 9.20

இலுக்கும்புர நில அளவை முகாமில் ஒன்றாக வேலை செய்த நண்பர்களுக்கு,

1. நிலமளக்கும் சங்கிலிக்காரர் ஹனீபாமீது நான் எழுதிய பழி பற்றி

கடந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு ஹனீபாவின் மகன் மரணச் செய்தியோடு வாசலில் வந்து நின்றார். "வாப்பா புதன்கிழம மவுத்தாகிட்டாங்க ஐயா. உங்களுக்கு மறக்காம சொல்லச் சொல்லி வெச்சிருந்தாங்க" என்றார். ஹனீபா வேறு ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அவருடைய உருண்டைகள் உங்களுக்கு நினைவிருக்கும். தேங்காய்த் தும்பை இழை இழையாகப் பிரித்து, வெறும் பால்பேணித் தகரத்தில் உருக்கிய மெழுகில் தோய்த்து, எலுமிச்சங்காய் அளவில் உருட்டிக் காயவைப்பார். நெருப்புக்குச்சிகளின் தலைகளையும் மெழுகில் முக்குவார். பெட்டியின் உரசும் பக்கத்தோடு எல்லாவற்றையும் சைக்கிள் டியூப் துண்டில் இட்டு, இரு முனைகளையும் இறுகக் கட்டுவார். "ஹனீபா நானா முட்ட போட்டுட்டாரு" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். "மழையில கோழி நீங்கதான். வருவீங்க என்னத் தேடி" என்பார்.

முகாம் மெழுகுதிரிகளில் ஆறு குறைந்திருந்தன. 1961 டிசம்பர் 11, திங்கட்கிழமை, அவற்றை அவர் எடுத்ததாக, முகாமின் அளவையாளராக இருந்த நான் மெமோ எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தவர், "ஐயா எழுதிட்டீங்க. இனி நான் என்னத்த சொல்ல?" என்றார்.

வியாழக்கிழமை மலைக்குப் புறப்படும்போது, "உந்த உருண்டைகளை இங்கையே வைச்சிட்டு வாரும்" என்று உத்தரவிட்டேன். இரண்டு மணிக்குப் பிடித்த மழையில் ஓடை பெருகித் திரும்பும் வழி அடைபட்டது. பாறையொன்றின் கீழ் ஒதுங்கினோம். கொடி பிடிக்கும் பொடிசிங்ஹவுக்கு முதலில் நடுக்கம் கண்டது. பிறகு நடுக்கமும் நின்று, நாக்குக் குழறத் தொடங்கியது. என்னுடைய இரண்டு நெருப்புப்பெட்டிகளும் கூழாகியிருந்தன.

ஹனீபா இடுப்பிலிருந்து டியூப் துண்டை எடுத்தார். "இன்னொரு மெமோ எழுதுங்க ஐயா. மொதல்ல இத பத்த வெக்கிறேன்."

உருண்டையைப் பிய்த்துத் தும்பை விரித்து, ஒரு குச்சியின் மெழுகை நகத்தால் சுரண்டி உரசினார். பிடித்துக்கொண்டது. ஈரக் கொப்புகளைப் பிளந்து உட்பக்கம் தீயில் படும்படி அடுக்கினார். ஒரு மணி நேரத்தின் பின் பொடிசிங்ஹவின் பற்கள் மறுபடி தந்தியடித்தன. "இப்பதான் ஆள் திரும்பி வாராரு" என்றார் ஹனீபா.

அடுத்த உருண்டையைப் பிய்த்தபோது மெழுகில் நீலக் கீற்றுகளைக் கண்டேன். முகாமில் இருந்தவை வெள்ளைத் திரிகள் மட்டுமே.

"இது எங்கயிருந்து?"

"வஹகோட்டை வேதக் கோயில்ல எரிஞ்சி மிஞ்சின நீல மெழுகுதிரிக் கட்டைங்க ஐயா. கேட்டா குடுப்பாங்க."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லையே."

குறைந்த ஆறு திரிகளும் சாமான் பெட்டிக்கு அடியில் எலி கடித்த நிலையில் கிடந்ததை மறுநாள் நானே கண்டேன். டிசம்பர் 18 அன்று மெமோவை மீளப்பெறும் கடிதத்தைத் தட்டச்சும் செய்து, ஹனீபாவிடமும் அதைச் சொன்னேன். விசாரிக்காமல் குற்றஞ்சாட்டினேன் என்ற வரியின் கீழ் ஒப்பமிடக் கை வரவில்லை. பெப்ரவரியில் மாற்றலாகிப் போனேன். தலைமைச் சங்கிலிக்காரர் பதவி ஹனீபாவுக்குக் கிடைக்காததற்கு அந்த மெமோவே காரணம் என்று பின்னர் அறிந்தேன்.

1968இல் நாவுல பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டார். "அந்தக் கடிதம் நனஞ்சி போச்சா ஐயா?" என்று சிரித்தார். நான் பஸ் வரும் நேரத்தைப் பற்றிப் பேசினேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. சாக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அவருக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு நீங்கள் கூடும்போது அவருடைய மகன் இதை உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஹனீபா எதையும் எடுக்கவில்லை.

முகாமைவிட்டு நான் புறப்பட்ட அன்று அவர் தந்த டியூப் துண்டில் மூன்று உருண்டைகள் இருந்தன. ஒன்றை இன்று காலை பற்றவைத்துப் பார்த்தேன். முதற் குச்சியிலேயே பிடித்தது. ஒன்று என்னிடம் இருக்கும்.

2. இணைப்புகள்

(அ) 1961 டிசம்பர் 11ஆம் திகதிய மெமோவின் பிரதி.
(ஆ) அதை மீளப்பெறும் 1961 டிசம்பர் 18ஆம் திகதிய கடிதம். ஒப்பம் இன்று இடப்பட்டது. இன்றைய திகதியும் அருகில் உண்டு.
(இ) உருண்டை ஒன்று, பாதியாகப் பிளந்தது. நீலக் கீற்றை எல்லோரும் பார்க்கவும்.