எலுமிச்சை ஆகாத சிவப்பு

என்னால் சும்மா இருக்க முடியாது. சாயத் தொழிலுக்கு இது கெட்ட குணம். அண்டாவில் பட்டு ஊறும்போது மூடியைத் திறந்து பார்ப்பேன், குச்சியால் புரட்டுவேன், மூடுவேன், மறுபடியும் திறப்பேன்.

தன் நிச்சயதார்த்தத்துக்கு நான் சாயம் போட்ட புடவையைத்தான் கட்டுவேன் என்று தங்கை சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விழுப்புரத்து மாப்பிள்ளை வீட்டார் கடைப்பட்டு எடுத்துத்தரத் தயாராக இருந்தார்கள். "மரப்பட்டை, காயின்னு போட்ட சாயமெல்லாம் நிக்குமாம்மா?" என்று அவளுடைய வருங்கால மாமியார் போனில் கேட்டது என் காதிலும் விழுந்தது. சாயம் போனால் என் மானத்தோடு அவள் பேச்சும் போகும்.

முதலில் பருத்தித் துண்டுகளில் பார்த்தேன். கடுக்காய்த் தண்ணீர், படிகாரம், பிறகு சிவப்புச் சாயம் இறங்கும் மரமான சப்பங்கட்டையை வேகவைத்த சாறு. பருத்தி அடம்பிடித்தது. பட்டு ஒரே முழுக்கில் பிடித்துக்கொண்டது. முக்குவதற்கு முன்பே முந்தானையில் படிகாரக் கூழ் தொட்டு மரக்கட்டையால் மாங்காய் அச்சு வைத்திருந்தேன். அங்கே மட்டும் சிவப்பு இன்னும் அடர்த்தியாக நின்றது. மாடிப்படி நிழலில் காயப்போட்டுவிட்டு அந்தப் படியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

சப்பங்கட்டைச் சிவப்புக்கு ஒரு வியாதி உண்டு. புளிப்பு பட்டால் மஞ்சளாகும், சுண்ணாம்பு பட்டால் ஊதாவாகும். இரண்டும் இல்லாமல் நம் வீடுகளில் எந்த விசேஷம் நடக்கிறது?

நிச்சயதார்த்தத்தன்று திண்டிவனம் மண்டபத்தில் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆரத்தித் தட்டோடு வந்தவர்களை "தள்ளி நின்னு சுத்துங்க" என்றேன். வெற்றிலை போட்டுக்கொண்டே வந்த அத்தையிடம், "கைய கழுவிக்கினு வந்து தொடுங்க அத்த" என்றேன்.

அத்தை முறைத்தார். "இன்னாடி இது, பொண்ணுக்குக் காவலா, பொடவைக்குக் காவலா? பேஜாரு புடிச்சவளே!"

அம்மா திருவக்கரை கோயிலிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைத் தங்கையின் கையில் கொடுத்தாள். பாய்ந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டேன். சாமி பழம், கண்ட இடத்தில் வைக்கவும் முடியாது. அதைக் கையிலேயே உருட்டிப் பிசைந்துகொண்டு மாமியாரைப் பார்த்தபடி நின்றேன்.

அவர் தங்கையின் முந்தானையைத் தடவினார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். என் விரல்கள் பழத்தை இன்னும் அழுத்தின.

"சாயம் நல்லா ஏறியிருக்குது. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார்.

தங்கை மேடையென்றும் பாராமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கை பிசுபிசுப்பது உறைத்தது. பழம் எப்போதோ நசுங்கிவிட்டிருந்தது.

அவள் முதுகில் முந்தானை மேல் என் ஐந்து விரல்களும் மஞ்சளாகப் பதிந்திருந்தன.

"ஐயையோ! ரூமுக்கு வாடி. புளிப்ப முறிக்கத் துளி சுண்ணாம்புத் தண்ணி தொட்டு ஜல்தியா சரி பண்ணிடறேன். யாரும் பாக்கறதுக்குள்ள..." என்று அவளை இழுத்தேன்.

அவள் முந்தானையை முன்னால் இழுத்து அந்தக் கைத்தடத்தைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்க்கா. கல்யாணம் ஆயி நான் வெழுப்புரம் போனா உன் கை எனக்கு எங்க கெடைக்கும்? நீ கொஞ்ச நேரம் சும்மா நில்லு."

நின்றேன்.