கிளேபாங் கடலுக்குப் போன சித்தப்பா

சுதந்திரம் கிடைத்து ஊரெங்கும் புதுக் கொடி பறக்கத் தொடங்கியிருந்த சமயத்தில், அப்பாவின் தம்பி இந்தியாவிலிருந்து கப்பலேறி, மலாக்காவில் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாள் முதல் அவர்தான் எங்கள் வேடிக்கை. தகரப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். இறாலை அரைத்துக் காயவைத்த பெலாச்சானை அம்மா அடுப்பில் சுட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்கா செட்டிக் குடும்பம். அந்த வீட்டம்மாவை மக்சிக் என்று கூப்பிடுவோம். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அவரும் அம்மாவும் வேலியோரம் நின்று, சித்தப்பா ஓடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அப்போது, கப்பலில் வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. பிழைக்கக் கப்பலேறிய இளைஞனின் கதை. அம்மா படித்துவிட்டு மக்சிக்குக்கு மலாயில் சொல்வார். கதாநாயகன் ஊரை நினைத்துச் சோற்றில் கைவைக்காமல் எழுந்த வாரம் இருவரும் சேர்ந்து அழுதார்கள். "கசியான், கசியான்" என்று பரிதாபப்பட்ட மக்சிக், மூக்கைச் சிந்திவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்றோடு சித்தப்பாவின் நிம்மதி போயிற்று.

ஏக்கத்தில்தான் மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மக்சிக் முடிவு கட்டிவிட்டார். தினமும் அவருக்கென்று ஒரு கிண்ணம் குழம்பு வந்தது, பெலாச்சானைத் தாராளமாகப் போட்டு. சித்தப்பா கும்பிட்டு வாங்கிக் கொல்லையில் கோழிக்கு வைத்தார். கோழிகள் நடக்க முடியாமல் கொழுத்தன. அம்மாவும் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எனக்குத்தான் பொழுது போகவில்லை.

கதாநாயகன் தனியாகக் கடலை நோக்கி நடக்கிறான், தொடரும் என்று ஓர் இதழ் முடிந்தது. அடுத்தது இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் பார்த்துச் சித்தப்பாவைக் காணோம். கிளேபாங் பக்கம் போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

"ஐயோ, கடலு!" என்று அம்மா தலையில் கைவைத்தார். நாங்கள் மூன்று பேரும் மிதித்து ஓட்டும் பேச்சா வண்டியில் ஏறினோம். வழியெல்லாம் மக்சிக் முருகனை மலாயில் வேண்டிக்கொண்டார்.

சித்தப்பா உயிரோடுதான் இருந்தார். இரவல் சைக்கிளோடு ஈர மணலில் விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கிடந்தார். மக்சிக் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி அழுதார்.

"என்ன அண்ணி இது? சைக்கிள் தெரிஞ்சாதான் வேலையாம். தெருவுல பழகினா சிரிப்பீங்கன்னு இங்க வந்தேன்."

"கதையில அவன் கடலுக்குப் போனான்லா, தம்பி!"

"நானும்தான் படிச்சேன். அவன் காத்து வாங்கப் போறான்."

கண்ணைத் துடைத்த மக்சிக், என்னை ஒன்று கேட்கச் சொன்னார். "சித்தப்பா, எள்ளுருண்டைய துணியில முடிஞ்சிக்கிட்டு அவனோட அம்மா ஓடி வர்றதுக்குள்ள கப்பல் போயிடுச்சே, அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்கன்னு மக்சிக் கேக்குறாங்க."

"எள்ளுருண்டையா? அப்படி ஒண்ணும் கதையில வரலியே."

அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று எனக்கு ஒரே குஷி. மலாயில் சொல்ல வாயெடுத்தேன்; நறுக்கென்று தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"அந்த அம்மா இன்னும் அங்கதான் நிக்கிறாங்கன்னு சொல்லு" என்றார் அம்மா.

திரும்பும்போது, கடல் மறையும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமான கையோடு அவரும் கப்பலில் வந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கிள்ளிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்த எனக்கு, அந்த எள்ளுருண்டை யாருக்காகத் துணியில் முடிந்துவைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.